'வணக்கம்' போட்ட பிறகு வந்த நாற்பது அடி

பழைய படங்களை ஸ்கேன் செய்யும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர் எனக்கு எழுதியிருந்தீர்கள். "சார், உங்க அனுபவத்துல இருந்து எங்களுக்கு ஏதாவது டிப்ஸ் சொல்லுங்க" என்று. டிப்ஸ் என்று என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. மெஷினைப் பற்றி மெஷினோடு வரும் புத்தகத்தில் இருக்கிறது, அதை நீங்கள் படிக்கமாட்டீர்கள் என்பது வேறு விஷயம். நான் காப்பாற்றிய படங்களைப் பற்றிச் சொல்லலாம். சொன்னால் கைதட்டிவிட்டு மறந்துபோவீர்கள். அதனால் நான் குப்பையில் போட்ட ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். படிக்கச் சந்தோஷமாக இருக்காது.

தொண்ணூறுகளின் பிற்பாதி. என் மனைவி வசந்தாவின் கம்ப்யூட்டர் வேலைதான் எங்களை சான் ஹோசேவுக்குக் கொண்டுவந்தது. கிரீன் கார்டு வரும்வரை எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. சென்னையில் ஒரு ஃபிலிம் லேபில் பன்னிரண்டு வருடம் இருந்தவன், இங்கே குழந்தையை டேகேரில் விட்டுவிட்டு, சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கார்டு வந்த மாதமே ஜெரால்டு என்ற தூத்துக்குடிக்காரர் தன் கடையில் சேர்த்துக்கொண்டார். ஊரிலிருந்து நம்மவர்கள் கொண்டுவரும் கல்யாண கேசட்டுகள் இந்த ஊர் டிவியில் ஓடாது. அவற்றை ஓடும்படி மாற்றித் தருவதுதான் அங்கே முக்கியமான வேலை. கூடவே பழைய ஃபிலிம்களை வீடியோவுக்கு மாற்றுவதும் உண்டு. அது என் பொறுப்பு.

சென்னை லேபில் எனக்கு வேலை கற்றுத் தந்தவரின் பெயர் வேண்டாம். ராட்சசன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே ஃபிலிமில் எங்கே கீறல் என்று சொல்வார். அவருக்கு ஒரு வழக்கம். படத்தின் கடைசியில் 'வணக்கம்' கார்டு வந்ததும், "அவ்ளோதான்பா, கத்திரியைப் போடு" என்பார். அதற்குப் பிறகு ரீலில் இருப்பதெல்லாம் லேப்காரன் ஒட்டிய வெற்று ஃபிலிம், சோதனைத் துண்டு, அழுக்கு. நம் ஜனமும் அப்படித்தானே. 'வணக்கம்' வருவதற்குள் பாதிப் பேர் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போயிருப்பார்கள். அந்தக் கார்டுக்குப் பிறகு திரையில் ஏதாவது வரும் என்று நினைத்துத் தமிழ்நாட்டில் ஒரு மனுஷன் உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை. அந்தப் பழக்கம் என் கையிலேயே ஏறியிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மிஸஸ் லாம் கடைக்கு வந்தார். எழுபது வயதைத் தொட்ட சீனப் பெண்மணி, ஒல்லி, கறுப்புக் கம்பளிக் கோட்டு. தள்ளுவண்டியில் ஒன்பது தகர டப்பாக்கள். அவர் பேசியது சின்னச் சின்ன வாக்கியங்களாக ஆங்கிலம், நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

"எங்க குடும்பம் எடுத்த படம். அப்பா, ரெண்டு தம்பி, நான். ஹாங்காங்ல எல்லாருக்கும் தெரியும். இது எங்க வீட்டு பிரிண்ட்" என்றார்.

அவர்கள் கான்டனீஸ் நாடகக் குடும்பம். அப்பா மேடையில் கோமாளி வேஷம் கட்டுபவர். குடும்பமாகச் சேர்ந்து எடுத்த அந்த நகைச்சுவைப் படத்தின் வசனங்களைச் சைனாடவுன் கிழவர்கள் இன்னமும் டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்களாம். கதை இவ்வளவுதான்: ஒரு அப்பா, இரண்டு மகன்கள், மூன்று பேருக்கும் சேர்த்து வீட்டில் ஒரே ஒரு நல்ல கோட்டு. மூன்று பேரும் ஒரே கல்யாண விருந்துக்குப் போயாகவேண்டும். ஒருவன் சாப்பிட்டுவிட்டுக் கழிவறைக்குள் ஓடிக் கழற்றிக் கொடுக்க, அடுத்தவன் மாட்டிக்கொண்டு வருகிறான். அப்பா தடியர், மூத்த மகன் கொத்தவரங்காய், இளையவன் குள்ளம். கல்யாணப் பெண்தான் மிஸஸ் லாம்.

"மூணு பேருக்கும் ஒரே கோட்டு எப்படிங்க சரியா இருக்கும்?" என்று கேட்டேன்.

"அம்மா தைச்சது. உள்ளே மடிப்பு, கொக்கி எல்லாம் வெச்சு. அம்மா நடிக்கல. தைப்பாங்க, சமைப்பாங்க, திட்டுவாங்க" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "பெரிய தம்பி போயிட்டான். சின்னவன் சான் ஃபிரான்சிஸ்கோல ஆஸ்பத்திரில இருக்கான். ரூம்ல டிவி, விசிஆர் இருக்கு. சனிக்கிழமை அவனுக்குக் காட்டணும். அதுக்கு மேல டாக்டர் நாள் சொல்ல மாட்டேங்கறாரு."

ஜெரால்டு உள்ளேயிருந்து வந்து, "கண்டிப்பா தந்துருவோம் மேடம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். மிஸஸ் லாம் போனதும் என்னிடம், "அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை ஈவ்னிங்குக்குள்ள முடிச்சிருங்க. மத்த வேலைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

டப்பாக்களைத் திறந்ததும் வினிகர் மாதிரி ஒரு காடி நெடி கடை முழுக்க ஏறியது. ஃபிலிம் உள்ளுக்குள் அழுக ஆரம்பித்தால் வரும் வாசனை. நீங்கள் முகர்ந்திருப்பீர்கள். அப்படி அழுகும் ஃபிலிம் சுருங்கும், ஒட்டிக்கொள்ளும், பக்கத்தில் இருக்கும் நல்ல ஃபிலிமையும் கெடுக்கும். புதன், வியாழன் இரண்டு நாளும் முதல் எட்டு டப்பாக்களை ஓட்டினேன். மொழி ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் கழிவறைக் கதவுக்குக் கீழே மூன்று ஜோடிக் கால்கள் தெரிகிற காட்சியில் நான் வாய்விட்டுச் சிரித்ததில், முன்னறையில் யாருடைய சீமந்த கேசட்டையோ வாங்க வந்த ஒரு ஆன்ட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அந்த இரண்டு நாள் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கடைசி டப்பா. அதுதான் மோசம். மூடியின் உள்பக்கம் பழுப்பேறிய ஒரு சீட்டு ஒட்டியிருந்தது, பேனாவால் சீன எழுத்தில் நாலு வரி. தியேட்டர் ஆபரேட்டர்கள் ரீல் டப்பாவில் இப்படி ஏதாவது எழுதி ஒட்டுவது எனக்குத் தெரியும். அதே மாதிரி ஏதோ என்று மூடியை ஓரமாக வைத்தேன். எங்கள் கடைக்கு அடுத்த கதவு சீன உணவகம். தினமும் மதியம் அங்கேதான் காய்கறி ஃபிரைடு ரைஸ் சாப்பிடுவேன். கல்லாவில் நிற்கும் அம்மா என்னைப் பார்த்ததும் மிளகாய் விழுதைத் தள்ளிவைப்பார். மூடியை எடுத்துக்கொண்டு இருபது அடி நடந்திருந்தால் அரை நிமிஷத்தில் படித்துச் சொல்லியிருப்பார். அன்று மதியமும் அங்கேதான் சாப்பிட்டேன்.

படத்தின் கடைசிக் காட்சி தப்பித்து வந்துவிட்டது. இரண்டு பெரிய சீன எழுத்துகள் திரையை நிறைத்தன. மொழி தெரியாவிட்டாலும் அது 'வணக்கம்' என்று புரிந்தது. அதற்கு உள்ளே, ரீலின் நடுவில், இன்னும் ஒரு நாற்பது அடி சுற்றியிருந்தது. நாற்பது அடி என்றால் அரை நிமிஷத்துக்கும் குறைவு. எப்போதும் உள்சுற்றுதான் இறுக்கம், அதனால் அங்கேதான் அழுகல் அதிகம். வெல்லக்கட்டி மாதிரி பிசுபிசுத்துக் கிடந்தது. மெதுவாக உரித்ததில் ஒன்றரை அடி கையோடு வந்தது. விளக்குப் பெட்டியின் மேல் வைத்து லென்ஸால் பார்த்தேன். ஆட்கள் நிற்கிறார்கள், நடுவில் ஏதோ கறுப்பாக. ஓரத் துளைகள் கிழிந்திருந்தன. சுருக்கத்தை அளந்தேன், அளவுக்கு மேல் இருந்தது. மெஷினில் விட்டால் மாட்டிக்கொள்ளும் என்று தெரிந்தது.

இந்த இடத்தில் உங்களை நிறுத்துகிறேன். எனக்கு அப்போது என்னென்ன வழி இருந்தது? மிஸஸ் லாமுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அந்தக் கட்டியைப் பையில் கட்டி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, படத்தை மட்டும் சனிக்கிழமை கொடுத்துவிட்டு, பிறகு பத்து நாள் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றாக உரித்திருக்கலாம். ஒன்றுமே செய்யாமல் மேஜைமேல் விட்டிருந்தால்கூடப் போதும். நான் செய்தது என்ன? நேரம் நாலரை. அலமாரியில் மற்றவர்களின் நல்ல ஃபிலிம்கள் இருக்கின்றன, இந்த நெடி அவற்றையும் கெடுத்துவிடும். கெட்ட ஃபிலிமை எடுத்துப்போகும் வண்டி வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு வரும், விட்டால் அடுத்த வாரம். வணக்கம் போட்டாச்சு. கத்திரியைப் போட்டேன். கட்டியைப் பையில் இட்டு இறுக்கி வெளியே டிரம்மில் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பொறுப்பாக வேலை செய்துவிட்ட திருப்தி எனக்கு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சனிக்கிழமை காலை மிஸஸ் லாம் கேசட்டை வாங்கிக்கொண்டு போனார். என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார்.

திங்கட்கிழமை கடை திறக்கும்போதே வாசலில் நின்றிருந்தார். கோபம் எதுவும் தெரியவில்லை. "கேசட்ல ஏதோ கோளாறு. முடிஞ்சதுக்கு அப்புறம் வரல" என்றார்.

"என்ன வரலீங்க?"

"அம்மா."

பிறகு அவரே சொன்னார். ஷூட்டிங் முடிந்த கடைசி நாள், ஃபிலிம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அப்பாவும் தம்பிகளும் இவரும் கேமராவுக்கு முன்னால் வரிசையாக நின்று, மேடையில் செய்வதுபோலக் குனிந்து வணங்கினார்கள். தம்பிகள் ஓடிப்போய் அம்மாவை இழுத்துவந்து நடுவில் நிறுத்தினார்கள். அதை அப்பா வீட்டு பிரிண்டில் மட்டும், படம் முடிந்த பிறகு, ஒட்டிவைத்தார். வீட்டில் படம் போட்டால் எல்லாரும் அதற்காகத்தான் காத்திருப்பார்களாம்.

"தம்பி சனிக்கிழமை முழுப் படமும் பாத்தான். சிரிச்சா அவனுக்கு மூச்சு வாங்குது, அப்படியும் சிரிச்சான். முடிஞ்சதும் நர்ஸ் டிவியை ஆஃப் பண்ண வந்தா. 'இரு, இப்ப அம்மா வருவா'ன்னு சொன்னான். நீலமா திரை வந்துச்சு. கேசட் தீர்ற வரைக்கும் அந்த நீலத்தையே பாத்துக்கிட்டு இருந்தான்."

"ஒரு நிமிஷம்" என்று உள்ளே போனேன். ஜெரால்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். குப்பை வண்டிக் கம்பெனிக்குப் போன் போட்டார். வெள்ளிக்கிழமை எடுத்தது எல்லாம் சனிக்கிழமையே எரியுலைக்குப் போய்விட்டது என்றார்கள்.

ஜெரால்டு என் தோளைப் பிடித்தார். நல்ல மனிதர். எனக்காகத்தான் சொன்னார். "அண்ணாச்சி, ஃபிலிமே உருகித்தான் வந்துச்சுன்னு சொல்லிருவோம். அதுல பாதி நெசம்தான? நீங்க வெட்டுனீங்கன்னு சொன்னா அந்தம்மாவுக்கு என்ன கிடைக்கப் போவுது? வேதனைதான் கூடும்."

"வேணாம் சார். நான் பண்ணினத நானே சொல்லிடறேன்" என்றேன். அப்படிச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நேர்மையான ஆள் பாருங்கள்.

போய்ச் சொன்னேன். அது வேண்டாத துண்டு என்று நினைத்தேன், வெட்டினேன், இப்போது அது எங்கேயும் இல்லை, தவறு முழுக்க என்னுடையது என்று. அவர் கேட்டுக்கொண்டே, நான் ஓரமாக வைத்திருந்த டப்பா மூடியை எடுத்து, உள்பக்கத்துச் சீட்டை எனக்குக் காட்டினார்.

"அப்பா எழுதினது. 'இந்த ரீலை ஓட்டுபவருக்கு: படம் முடிந்ததும் விளக்கை அணைக்காதீர்கள். அம்மா வருவாள்.' உங்களுக்கு எழுதினதுதான்" என்றார்.

அதன் பிறகு அவர் அழவில்லை, திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் நான் அடுத்ததைச் செய்திருக்கமாட்டேன். அந்த மௌனத்தை என்னால் தாங்கமுடியவில்லை. அவருக்கு ஏதாவது கொடுத்து அனுப்பவேண்டும் போலிருந்தது.

"நான் பார்த்தேங்க. வெட்டறதுக்கு முன்னால ஒன்றரை அடி பார்த்தேன். உங்க அம்மா நடுவுல நின்னாங்க. சிரிச்ச முகமா, அவ்வளவு அழகா" என்றேன்.

மிஸஸ் லாம் சட்டென்று எழுந்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடியின் பலம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

"முகம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க."

"எந்த ஃபிரேம்? முதல்லயா? கோட்டைப் போட்டுக்கறதுக்கு முன்னாடியா?"

எனக்கு எதுவும் புரியவில்லை. அவர் மூச்சு வாங்கச் சொன்னார். அம்மாவுக்கு வெட்கம். இழுத்து நிறுத்தியதும் கையில் இருந்த கோட்டைத் தலைக்கு மேல் போட்டு முகத்தை மூடிக்கொண்டுவிட்டார். தம்பிகள் இழுக்க இழுக்க விடவில்லை. அந்தக் குடும்பத்துக்கு உலகத்திலேயே பெரிய ஜோக் அதுதான். அம்மா போன பிறகு, கோட்டு ஏறுவதற்கு முன்னால் ஒரே ஒரு ஃபிரேமிலாவது முகம் விழுந்திருக்குமா என்று மூன்று பிள்ளைகளும் நாற்பது வருடம் தேடியிருக்கிறார்கள். கறுப்புக் கோட்டைத் தவிர எதுவும் அகப்பட்டதில்லை.

"உங்களுக்கு லென்ஸ் இருக்கு. நல்ல லைட் இருக்கு. நீங்க பாத்திருக்கலாம். எங்க கண்ணுக்குத்தான் தெரியல போல. எந்த ஃபிரேம், சொல்லுங்க. தம்பிகிட்ட சொல்லணும்."

லென்ஸால் நான் பார்த்தது துளைகளை. கிழிசலை. சுருக்கத்தின் அளவை. அந்த அளவு எனக்கு இன்றைக்கும் தெரியும். நடுவில் இருந்த கறுப்பு என்ன என்று ஒரு விநாடி யோசித்திருக்கவில்லை. உலகத்தில் கடைசியாக அந்தப் படத்தைப் பார்த்த மனிதன் நான், நான் அதைப் பார்க்கவே இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குப் புரிந்தது. மணிக்கட்டை விட்டுவிட்டார்.

பிறகு தன் கறுப்புக் கோட்டைக் கழற்றினார். எதிரே நின்று, அதைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு, உள்ளேயிருந்து இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தார். யாரோ இழுப்பதுபோல இடப்பக்கம் ஒரு ஆட்டம், வலப்பக்கம் ஒரு ஆட்டம். நாடகக் குடும்பத்துப் பெண் அல்லவா, இரண்டு பக்கமும் தம்பிகள் நிற்பதே எனக்குத் தெரிந்தது. கோட்டை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார், பொத்தான்களைப் போட்டார்.

"இப்படி. இப்ப பாத்துட்டீங்க" என்றார்.

கிளம்பும்போது ஒரே ஒரு உதவி கேட்டார். "நீங்களே வந்து தம்பிகிட்ட சொல்லுங்க, என்ன ஆச்சுன்னு. நான் சொன்னா, அக்கா எங்கேயோ தொலைச்சுட்டா, மறைக்கறான்னு நினைப்பான். அப்படி நினைச்சுக்கிட்டே அவன் போகக்கூடாது." வார்டு, அறை எண் எல்லாம் எழுதிக் கொடுத்தார். வருகிறேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். மூடியை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

வசந்தாவிடம் அன்று எல்லாவற்றையும் சொன்னேன், முகம் தெரிந்தது என்று நான் சொன்ன பொய்யை மட்டும் விட்டுவிட்டு. அவள் தட்டை நகர்த்திவிட்டு, "நாளைக்கே போயிட்டு வாங்க. லீவு போடுங்க. இதவிட என்ன வேலை?" என்றாள்.

போனேன். 280 ஃப்ரீவேயில் ஒரு மணி நேரம் டிரைவ் பண்ணி ஆஸ்பத்திரிக்குப் போனேன். பார்க்கிங் கராஜில் மூன்றாவது தளத்தில் காரை நிறுத்தினேன். அங்கிருந்து பார்த்தால் வார்டுகளின் ஜன்னல்கள் வரிசையாகத் தெரியும். அந்தத் தம்பி என்ன கேட்பார் என்று யோசித்தேன். அக்கா ஏற்கெனவே சொல்லியிருந்தால்? "நீங்க பாத்தீங்களாமே, அம்மா முகம்?" என்று கேட்டுவிட்டால்? காரை விட்டு இறங்கவில்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பார்வையாளர் நேரம் முடிந்தது. சாவியைத் திருப்பினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் வசந்தா, "சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"சொல்லிட்டேன்."

"பாவம், என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு" என்றேன்.

மிஸஸ் லாம் அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. டப்பாக்களை எடுத்துப் போகவும் இல்லை. ஜெரால்டு பலமுறை போன் செய்தார், யாரும் எடுக்கவில்லை. அந்தத் தம்பி தன் அக்காவைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு போனார் என்று எனக்குத் தெரியாது. ஒரு ஜன்னல் தூரத்தில் இருந்துகொண்டு, தெரிந்துகொள்ளாமல் திரும்பியவன் நான்.

இத்தனைக்கும் நடுவில் உங்களுக்கு என்ன பாடம் என்று கேட்பீர்கள். வெட்டும் முன் கேளுங்கள். படிக்கத் தெரியாத சீட்டைப் படிக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். இவ்வளவும் நீங்கள் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்வீர்கள். ஃபிலிமை வெட்டியதை அந்த அம்மா மன்னித்திருக்கக்கூடும் என்றுகூடச் சில நாள் தோன்றும். மற்றதற்கு என்னிடம் பாடம் எதுவும் இல்லை, இத்தனை வருடம் தேடியும் கிடைக்கவில்லை.

வசந்தா இந்தக் கதையை இப்போதும், வீட்டுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுபோகும் பாட்லக் விருந்துகளில் சொல்வாள். "எங்க வீட்டுக்காரர் தப்புப் பண்ணிட்டாரு, ஆனா நேரா ஆஸ்பத்திரிக்கே போய் ஒத்துக்கிட்டாரு. அந்த மனுஷன் அவ்வளவு வலியிலயும் சிரிச்சாராம்" என்பாள். சொல்லும்போது என்னைப் பார்ப்பாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன்.

நான் எழுதுவதை எல்லாம் அனுப்புவதற்கு முன் எழுத்துப்பிழை பார்த்துத் தருவது அவள்தான். இந்தப் பக்கங்களையும் அடுக்கி, காற்றில் பறக்காமல் இருக்க அந்த டப்பா மூடியை மேலே வைத்திருக்கிறேன். வசந்தா சமையலறையில் இருக்கிறாள். "எழுதி முடிச்சாச்சா? கொண்டாங்க, பாத்துத் தரேன்" என்று கையைத் துடைத்துக்கொண்டு வருகிறாள்.